முழுதாகக் கேட்க வேண்டிய இசைத்தொகுப்புகள்: 'ஹவ் டு நேம் இட்?' முதல் 'திருவாசகம்' வரை

சாந்தோம் நெடுஞ்சாலை காமராசர் சாலையோடு சேரும் இடத்துக்கு அருகில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் உள்ளது. 1938-இல் எழும்பூரில் தொடங்கிப் பின்னர் கடற்கரைக்கு இடம்பெயர்ந்த இந்நிலையமும், விவித பாரதியும், இலங்கை வானொலியும் சேர்ந்து இரண்டு மூன்று தலைமுறைத் தமிழர்களின் செவிகளை வளர்த்தன. கூடவே ஒரு பழக்கத்தையும் வளர்த்தன. படத்தின் பெயர், பாடியவர் பெயர், மூன்றரை நிமிடப் பாட்டு. உடனே வேறொரு படம், வேறொரு பாட்டு. நேயர் விருப்பத்தில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் உறவு இருக்க வேண்டியதில்லை.

இதனால் 'ஆல்பம்' என்ற சொல் தமிழில் பெரும்பாலும் ஒரு படத்தின் ஐந்தாறு பாடல்களையே குறித்தது. அப்பாடல்களின் வரிசைக்குப் பொருள் இல்லை. எந்தப் பாட்டை முதலில் வைப்பது என்பதை விற்பனை தீர்மானித்தது. காட்சியிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும் திறனே பாட்டின் வெற்றி எனக் கொள்ளப்பட்டது. திரைப்பாடலைப் பொறுத்தவரை இதில் தவறேதும் இல்லை. ஆனால் இதே பழக்கத்தோடு அணுகினால் பிடிபடாத சில இசைத்தொகுப்புகள் தமிழ்நாட்டிலேயே உருவாகியுள்ளன. அவற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

நீள்தட்டும் வரிசையும்

78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடங்களே அடங்கும். 1948-இல் அமெரிக்காவில் அறிமுகமான நீள்தட்டு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் தந்தது. முதலில் இந்த இடத்தைப் பல பாடல்களை அடுக்கி வைக்கும் அலமாரியாகவே பயன்படுத்தினார்கள். இதையே ஒரு வடிவமாக ஆக்கியதில் 1960-களின் ராக் குழுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' (1967) தொகுப்பில் தொடக்கப் பாட்டு இறுதிக்குச் சற்று முன் மீண்டும் வருகிறது. ஜார்ஜ் ஹாரிசன் இந்திய இசைக்கருவிகளைக் கொண்டு அமைத்த பாட்டு இரண்டாம் பக்கத்தின் வாசலில் வைக்கப்பட்டுள்ளது. தட்டைத் திருப்பிப் போட எழுந்தவர் மீண்டும் உட்காரும்போது வேறொரு உலகம் தொடங்கிவிடும். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடிகிறது. அதன் நடுவிலிருந்து ஒரு பாட்டை மட்டும் எடுத்துக் கேட்பவருக்கு நல்ல பாட்டு ஒன்று கிடைக்கலாம்; அந்தத் துடிப்பு எதற்கென்று தெரியாது.

அப்படியானால் தமிழருக்கு முழுதாகக் கேட்கும் வழக்கமே இல்லையா? இருந்தது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் செப்பம் செய்த கச்சேரி முறையில் வர்ணம் தொடக்கத்திலும் மங்களம் முடிவிலும் வருவது இடம் பார்த்துத்தான். தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து காப்பி குடிக்கப் போகிறவர்களும் அந்த வரிசையை அறிந்தே போகிறார்கள். பாமரர் பக்கத்தில் இதைவிட வலுவான சான்று உண்டு. 'திருவிளையாடல்' (1965) படத்தின் கதை வசனத் தட்டுகள் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் ஒலிபெருக்கியில் முழுதாக ஓடின. 'விதி' (1984) படத்தின் வசன ஒலிநாடாவை டீக்கடை வாசலில் நின்று கடைசிவரை கேட்டவர்கள் பலர். ஆக, தமிழ்ச் செவிக்குப் பொறுமை இல்லை என்று சொல்வதற்கில்லை. கதை இருந்தால் உட்கார்ந்து கேட்டது. பாட்டைத்தான் துண்டு துண்டாகக் கேட்டது. சொற்களில்லாத இசைக்கும் ஒரு கதைப்போக்கு உண்டு என்பதைச் சொல்லித்தர ஆள் குறைவாக இருந்தார்கள்.

'சக்தி' (1976)

ராக் உலகத்துக்கும் சென்னைக்கும் நேரடிப் பாலமாக அமைந்தது 'சக்தி' குழு. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவை நடத்திய ஆங்கிலேயரான ஜான் மெக்லாக்லின், மின்கித்தாரை வைத்துவிட்டு மரக் கித்தாரோடு தரையில் அமர்ந்தார். உடன் வாசித்தவர்கள் வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் டி.எச். விநாயக்ராம், மிருதங்கத்தில் ஆர். ராகவன். விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா நிறுவிய தாளவாத்தியப் பள்ளி திருவல்லிக்கேணியில் உள்ளது. சாந்தோமிலிருந்து கடற்கரையை ஒட்டி நடந்தே போய்விடலாம்.

1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த நிகழ்ச்சியின் பதிவே இத்தொகுப்பு. மொத்தம் மூன்று உருப்படிகள். முதலாவது பதினெட்டு நிமிடம். அடுத்தது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. மூன்றாவது ஏறத்தாழ இருபத்தொன்பது நிமிடம். இந்த அளவுகளே ஒரு கச்சேரியின் வடிவத்தைக் காட்டுகின்றன. விறுவிறுப்பான தொடக்கம், மூச்சு வாங்க ஒரு சிறு மெல்லிசை, பின் தாளத்துக்கு இடம் விடும் நீண்ட உருப்படி. நடுவிலுள்ள சிறிய துண்டான 'லோட்டஸ் ஃபீட்' தனியாகவே புகழ்பெற்றது. தனியாகக் கேட்டால் அது அழகான தாலாட்டு போல ஒலிக்கும். பதினெட்டு நிமிட ஓட்டத்துக்குப் பிறகு கேட்டால்தான் அந்த அமைதி எதற்குக் கிடைத்த அமைதி என்று புரியும்.

'ஹவ் டு நேம் இட்?' (1986)

இளையராஜாவின் இத்தொகுப்பு திரைப்படத்துக்காக எழுதப்பட்டதன்று. 'இதற்கு எப்படிப் பெயரிடுவது?' என்பது தலைப்பின் பொருள். தியாகராஜருக்கும் (1767–1847) யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் (1685–1750) காணிக்கையாக்கப்பட்டது. முதன்மை வயலின் வி.எஸ். நரசிம்மன், பிற்காலத்தில் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவை உருவாக்கியவர். பத்து உருப்படிகள். பாட்டு இல்லை.

இத்தொகுப்பைக் 'கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் கலந்தது' என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அப்படிச் சொன்னால் இதிலுள்ள சிக்கல் மறைந்துவிடும். கர்நாடக இசையில் ஒரு சுரம் நேர்கோடாக நிற்பதில்லை. அசைகிறது, பக்கத்துச் சுரங்களைத் தொட்டு வருகிறது. கமகம் எனப்படும் இந்த அசைவே ராகத்தின் உயிர். பாக்கின் இசையிலோ இரண்டு, மூன்று, நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஒன்றின் உயிர் மற்றொன்றுக்கு இடைஞ்சல். மேலோட்டமான கலப்பிசைகள் இதைக் கவனிப்பதில்லை. தபலாவின் மேல் ஒரு கித்தாரை வைத்துவிட்டுக் கலந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும்.

இளையராஜா இந்த இடைஞ்சலையே தொகுப்பின் பொருளாக்கினார். அது உருப்படிகளின் பெயர்களிலேயே தெரிகிறது. இரண்டாவது உருப்படி 'மேட் மாட் மூட் ஃபியூக்'. ஃபியூக் என்பது ஒரு குரல் சொன்ன இசைவரியை அடுத்தடுத்த குரல்கள் பின்தொடர்ந்து சொல்லிச் செல்லும் கட்டுப்பாடான வடிவம். அதை அடுத்து வருவது 'யூ கேன்னாட் பி ஃப்ரீ': நீ விடுதலையாக இருக்க முடியாது. 'ஸ்டடி ஃபார் வயலின்' என்ற பயிற்சி உருப்படிக்குப் பின் 'இட் இஸ் ஃபிக்ஸ்ட்': எல்லாம் முன்பே நிச்சயிக்கப்பட்டது. ஐந்து உருப்படிகள் வரை கட்டுப்பாடு பற்றிய பேச்சே ஓங்கி நிற்கிறது. ஆறாவதில் விருந்தாளி வருகிறார்: 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'. மேற்கின் சிற்றவைக் குழு திருவையாற்றுக்காரரை வரவேற்கிறது.

அடுத்த இரண்டின் பெயர்களைச் சேர்த்துப் படித்தால்தான் வாக்கியம் முடிகிறது. 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்பது ஏழாவது. 'பிறகு நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்' என்பது எட்டாவது. ஏழாவதில் பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் மேலேயே நம் பாணி வயலின் தன் வழியில் நுழைகிறது. பாக்கின் சுரங்கள் மாற்றப்படவில்லை. அவற்றின் பக்கத்தில் இன்னொருவர் வந்து அமர்கிறார். இந்த உருப்படி இன்று தனியாகவே பலரால் கேட்கப்படுகிறது, ஒரு வித்தை போல ரசிக்கப்படுகிறது. அதைக் கேட்டுவிட்டு நிறுத்துவது, விருந்தாளியை வாசலில் வரவேற்றுவிட்டு உள்ளே அழைக்காமல் விடுவதற்குச் சமம். பேச்சு எட்டாவதில்தான் நடக்கிறது. ஒன்பதாவதின் பெயர் 'டோன்ட் கம்பேர்', ஒப்பிடாதே. இருவரில் யார் பெரியவர் என்று கேட்கத் தொடங்கும் நேயருக்கு இது நேரடி விடை. கடைசி உருப்படி 'டூ எனிதிங்': எது வேண்டுமானாலும் செய். 'நீ விடுதலையாக இருக்க முடியாது' என்று தொடங்கிய வாதம் இங்கே வந்து சேர்கிறது. இந்தப் பயணம் வரிசையில்தான் இருக்கிறது. தனி உருப்படி எதிலும் இல்லை.

'என் வீட்டில்' என்ற சொல்லுக்கும் ஓர் இடப்பொருள் உண்டு. பண்ணைபுரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா மேற்கத்திய இசையின் இலக்கணத்தைக் கற்றது தன்ராஜ் மாஸ்டரிடம். அவர் தங்கியிருந்தது மயிலாப்பூரில் ஒரு விடுதி அறையில். பாக்கை இளையராஜா சந்தித்த வீடு லைப்சிக்கில் இல்லை. சாந்தோமுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. 'ஸ்டடி ஃபார் வயலின்' தன் பெயருக்கேற்ப விரல்வேகத்தைக் காட்டும் உருப்படி. உணர்வைவிடத் திறமை முன்னே நிற்கிறது. பெயர்களை நீக்கிவிட்டுக் கேட்டால் மேற்சொன்ன வாதம் இதே தெளிவோடு கேட்குமா என்றும் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெயரும் படைப்பாளி தந்ததே. தொகுப்பின் தலைப்பே பெயரிடுவதைப் பற்றியது என்பதை மறக்க வேண்டியதில்லை.

பாலுமகேந்திரா தம் 'வீடு' (1988) படத்தின் பின்னணி இசையாக இத்தொகுப்பின் பகுதிகளைப் பயன்படுத்தினார். சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பம் சொந்த வீடு கட்டப் படும் பாட்டைச் சொல்லும் படம் அது. படத்துக்கு அந்த இசை நன்றாகவே பொருந்தியது. ஆனால் படத்தை முதலில் பார்த்தவர்களுக்கு வயலின் ஒலித்ததும் பாதி எழும்பிய சுவரும் அர்ச்சனாவின் முகமும் நினைவுக்கு வரும், பாக் வரமாட்டார். காட்சியோடு சேர்த்துக் கேட்கும் திரைப்பழக்கம் எவ்வளவு வலிமையானது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டாண்டு கழித்து, புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவோடு இளையராஜா உருவாக்கிய 'நத்திங் பட் விண்ட்' (1988) ஐந்து உருப்படிகளைக் கொண்டது. இனிமையில் முன்னதைவிட ஒரு படி மேல் என்பவர்கள் உண்டு. ஆனால் வரிசையின் கட்டாயம் இதில் குறைவு. 'மொசார்ட் ஐ லவ் யூ' என்ற உருப்படியை மட்டும் கேட்டு மகிழ்ந்தாலும் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை.

'திருவாசகம்' (2005)

2005 ஜூன் 30 அன்று சென்னை மியூசிக் அகாதமியில் வெளியிடப்பட்ட இத்தொகுப்பைத் தயாரித்தது தமிழ் மையம். அதை நிறுவிய ஜெகத் கஸ்பர் ராஜ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்; மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பிரிவில் பணியாற்றியவர். சைவத் திருமுறை ஒன்றைக் கிறித்தவத் துறவி ஒருவர் முன்னின்று இசைத்தொகுப்பாக்கியது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கலாம். சாந்தோம் பேராலயத்துக்கும் கபாலீசுவரர் கோயிலுக்கும் நடுவே அன்றாடம் நடந்து பழகியவர்களுக்கு அவ்வளவாக இருக்காது. திருவாசகத்தை முழுதும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-இல் ஆக்ஸ்போர்டில் வெளியிட்ட ஜி.யு. போப்பும் ஒரு கிறித்தவ ஊழியரே.

புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. நடத்துநர் லாஸ்லோ கோவாச். ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் சுவார்ட்ஸ். நற்செய்தி நூலை ராக் இசையோடு மேடையேற்றிய 'காட்ஸ்பெல்' (1971) இசைநாடகத்தால் பெயர் பெற்றவர். ஒரு மறைநூலை இன்றைய மேடை மொழிக்குக் கொண்டுவரும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது.

பெயரைப் பற்றி ஒரு சொல். இது சிம்பொனி அன்று. சிம்பொனி என்பது பொதுவாகப் பல பகுதிகளாக அமையும் இசைக்குழுப் படைப்பு. தனிக்குரலும் கூட்டுக்குரலும் இசைக்குழுவும் சேர்ந்து சமயப்பாடல் ஒன்றை நடிப்பின்றிப் பாடும் வடிவத்துக்கு ஆரட்டோரியோ என்று பெயர். அதுவே இதற்குப் பொருந்தும். விளம்பரத்தில் சிம்பொனி என்ற சொல் பெரிதாக நின்றதால் அதையே பற்றிக்கொண்டு நடந்த வாதத்தில், தொகுப்பின் உண்மையான புதுமை பேசப்படாமல் போயிற்று. இளையராஜாவின் சிம்பொனியான 'வேலியண்ட்' 2025 மார்ச் 8-இல்தான் லண்டனில் அரங்கேறியது.

அந்தப் புதுமை தேர்விலும் வரிசையிலும் உள்ளது. திருவாசகத்தில் 51 பதிகங்கள், 658 பாடல்கள். ஓதுவார் மரபில் அவற்றை மோகன ராகத்தில் பாடுவது வழக்கம். இளையராஜா ஆறு இடங்களைத் தேர்ந்து ஆறு உருப்படிகளாக்கினார். நூலின் வரிசையைப் பின்பற்றவில்லை. முதல் உருப்படி 'பூவார் சென்னி மன்னன்', 45-ஆவது பதிகமான யாத்திரைப்பத்தின் தொடக்கம். பொய்யை விட்டுவிட்டு இறைவன் அடி சேரப் புறப்படும் காலம் வந்துவிட்டது என்று அடியார்களைக் கூப்பிடும் பாட்டு. நூலில் விடைபெறும் இடத்துக்கு அருகில் இருப்பது இங்கே வாசலுக்கு வந்துவிட்டது.

புறப்படலாம் என்று கூப்பிட்டாயிற்று. கூப்பிட்டவன் யார்? இரண்டாவது உருப்படி அதற்கு விடை. 'பொல்லா வினையேன்', முதல் பதிகமான சிவபுராணத்தில் வருவது. 95 அடிகள் கொண்ட சிவபுராணத்தின் புகழ்பெற்ற வாழ்த்துத் தொடக்கத்தை விட்டு, கால் பகுதி தாண்டியபின் வரும் அடியிலிருந்து இளையராஜா தொடங்குகிறார். வாழ்த்தில் இறைவன் பெரியவன். இந்த இடத்தில் மனிதன் தன் சிறுமையைச் சொல்கிறான். ஏறத்தாழ இருபது நிமிடம் நீளும் இவ்வுருப்படியே தொகுப்பின் நடுத்தூண். இளையராஜாவின் குரல் ஓதுவாரின் பயின்ற குரல் அன்று; கரகரப்பும் தழுதழுப்பும் உள்ளது. வேறு பாட்டுக்கு இது குறையாகலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பாட்டுக்கு மெருகேறிய குரலைவிட இதுவே பொருந்துகிறது.

ஆங்கிலப் பகுதிகள் இடையில் வருவது பலருக்கு உறுத்தியது. ஒரு பாட்டை மட்டும் கேட்பவருக்கு அந்த உறுத்தல் நியாயமே. தமிழில் உருகிக்கொண்டிருக்கும்போது திடீரென மேடை நாடகம் ஒன்றின் வாடை வருகிறது. இருபது நிமிடத்தையும் கேட்டால் வேறொன்று புலப்படும். ஒருவன் தன் பிறவிகளைச் சொல்லிப் புலம்ப, அவன் மொழி அறியாத ஒரு கூட்டம் தன் மொழியில் அதையே வாங்கிச் சொல்கிறது. ஆனாலும் சுவார்ட்ஸின் வரிகள் மாணிக்கவாசகரின் சொற்செறிவுக்கு ஈடாகவில்லை. அவை எளிமையானவை, சில இடங்களில் தட்டையானவை. இதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தக் கனத்துக்குப் பிறகு 'பூ ஏறு கோனும் புரந்தரனும்', திருக்கோத்தும்பி. அரச வண்டை அழைத்து இறைவனிடம் தூது போகச் சொல்லும் பாட்டு. அடுத்து 'உம்பர்கட்கரசே', பிடித்தபத்து. உன்னைச் சிக்கெனப் பிடித்துவிட்டேன், இனி எங்கே போவாய் என்று உரிமை கொண்டாடுவது. தூது அனுப்பியவன் இப்போது கையைப் பிடித்துவிட்டான். ஐந்தாவது 'முத்து நற்றாமம்', திருப்பொற்சுண்ணம். இறைவனின் திருமுழுக்குக்காகப் பெண்கள் சேர்ந்து நறுஞ்சுண்ணம் இடிக்கும் பாட்டு. பிடித்தாயிற்று என்றால் அடுத்தது விழாதானே. நூலில் 10, 37, 9 என்று சிதறிக் கிடக்கும் பதிகங்கள் இவ்வரிசையில் ஒரு கதையாகின்றன. மாணவர்கள் திருவாசகப் பதிப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இம்மூன்றையும் தொடர்ந்து கேட்டுப் பார்க்கலாம். உரையாசிரியர்கள் யாரும் இந்த வரிசையில் படிக்கச் சொல்லவில்லை. இது இசையமைப்பாளரின் உரை.

விழாவோடு முடித்திருந்தால் கேட்பவர் நிறைவாக எழுந்து போயிருப்பார். இளையராஜா ஆறாவதாக வைத்தது 'புற்றில் வாழ் அரவும் அஞ்சேன்', 35-ஆவது பதிகமான அச்சப்பத்து. பாம்புக்கு அஞ்சவில்லை, நோய்க்கு அஞ்சவில்லை, பிறப்பு இறப்புக்கும் அஞ்சவில்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, அன்பில்லாத மனிதரைக் கண்டால் மட்டும் அஞ்சுகிறேன் என்று நடுங்கும் பாட்டு அது. தனியாகக் கேட்கும்போது இது வீரப்பாட்டாகவே ஒலிக்கிறது. 'அஞ்சேன்' என்ற சொல்லே காதில் நிற்கிறது. பொற்சுண்ணம் இடித்து முடித்த கைகளோடு இங்கு வந்து சேருபவருக்கு, வெளியே தெருவில் யார் நிற்கிறார்கள் என்ற அந்த அச்சமும் கேட்கிறது.